ஆளில்லாத வீட்டின் மீற்றர்

இந்த ஜெர்மன்காரருக்குக் கரண்ட் மீற்றர் என்றால் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. வருஷத்துக்கு ஒருமுறை மின்சாரக் கந்தோரிலிருந்து அட்டை வரும். நாங்களே கெல்லருக்குள், அதுதான் நிலவறைக்குள் இறங்கி, இலக்கத்தைப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்றும் அட்டையில் ஒரு கட்டம் இருக்கும். நான் தனிக்கட்டை, ஒன்று என்று போட்டேன். பதிலுக்கு வந்த கடதாசியில், தனி ஆளுக்கு இது அதிகம் என்று கோடு கீறிக் காட்டியிருந்தார்கள். விசாரிக்கப் போனால், வேலைக்குப் போகுமுன் ஓர் இலக்கம், வந்ததும் ஓர் இலக்கம் குறிக்கச் சொன்னார் கந்தோர்க்காரர். ஒரு கிழமை குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்கள் இல்லாதபோது வீட்டில் யாரோ இருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

"வந்திட்டானா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். மனுசன் முழித்தார்.

காங்கேசன்துறை வீட்டில் மீற்றரை நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வாசிக்க வருபவர் எழுதியதுதான் கணக்கு. தொண்ணூறில் கரண்ட் நின்றது. வந்தால் தெரியட்டும் என்று, ஊரில் எல்லாரையும் போல, விறாந்தைச் சுவிச்சைப் போட்டபடியே விட்டிருந்தோம். ஷெல்லடிக்குப் பயந்து வெளிக்கிட்ட அன்று, அம்மா ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டா.

"ஐயோ, சுவிச் போட்டபடி கிடக்கு. கரண்ட் வந்தால் ஆளில்லாத வீட்டிலை லைற் எரியுமெல்லே!"

தம்பி சிரித்தான். "நீங்கள் நடவுங்கோ அம்மா. நான் நூத்துப்போட்டு ஓடி வாறன்."

இல்லாத கரண்டை அணைக்கப் போனவனை நான் மறிக்கவில்லை, பாவி. அவன் வரவேயில்லை. பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போக முடியாமல் போயிற்று. இடம்பெயர்ந்து நீர்வேலியில் இருக்கும் அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறா: "அவன் சுவிச்சடிக்குப் போய்ச் சேர்ந்தவனோ?"

சனிக்கிழமை வீட்டில் எல்லாவற்றையும் நிப்பாட்டினேன், குளிர்ப்பெட்டி உட்பட. கெல்லருக்குப் போனால் மீற்றர்ச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே வந்து அறை அறையாகத் தேடினேன். ஒருநாளும் விலக்காத திரையை விலக்கினால், பல்கனிக் கதவுக்கு வெளியே லைற் எரிந்தது. அந்தச் சுவிச்சைப் போட்டவன் நான்தான். குடிவந்த அன்று, பழக்கதோஷத்தில்.

நூர்க்கக் கை வைத்தேன். பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

நான் எரிப்பதையெல்லாம் இந்த நாடு எனக்குக் கோடு கீறிக் காட்டுகிறது. காங்கேசன்துறையில் அந்த ஒரு சுவிச் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. அம்மாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இந்த வருஷத்து அட்டை வந்தது. இலக்கத்தை எழுதினேன். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு என்று போட்டேன்.