சாம்பல் தொட்ட விரல்

தறியருகே முதலாளி நின்றார். வெள்ளைப் பட்டு நெய்யச் சொன்ன ஸ்பெயின் தேசத்து அம்மா, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் ஆள், என் மனைவி, நான்.

அறுந்த இழையை முடிச்சுப் போட, வழுக்காமல் இருக்க எப்போதும்போல விரலில் சாம்பல் தொட்டிருந்தேன். வெள்ளையில் கறை ஏறிவிட்டது.

"தவறி நடந்ததுக்கு அவங்க பாஷையில ஒரு வார்த்தை இருக்குதுபா. கை தன்னால செய்யறதுக்கு வேற வார்த்தை. எதைச் சொல்லட்டும்?" என்றார் அந்த ஆள்.

"தவறிப்போச்சுன்னு சொல்லுய்யா," என்றாள் மனைவி.

"கை தன்னால போச்சுப்பா," என்றேன். அதுதான் உண்மை.

அந்த ஆள் அதைச் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா ஏதோ முணுமுணுத்தார்.

"தன்னால போற கை மறுபடியும் போகுமாம். வேற ஆளை வெச்சு நெய்யச் சொல்றாங்க."

முதலாளி துணியைத் தறியிலிருந்து அறுக்கச் சொன்னார். பிறகு எனக்கு வேலையே தரவில்லை. அறுத்தது, அதுவரை நான் நெய்திருந்த நாலரை கஜம்.