வேல்முருகன் சைக்கிளுக்கு வெல்டிங் வைத்த கதை

மீனாட்சிபுரத்தில் வேல்முருகன் எங்கே என்று கேட்டால் பால் சொசைட்டிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அங்கே கேன் தூக்குகிறார். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில், அதுவும் கேட்டவர் பாதி வழி போன பிறகு வரும். கமலாத்தாளைப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்கு வாய் பேச வருமுங்களா?" என்று அவளுடைய சித்தப்பா கேட்டேவிட்டார். "வருமுங்க" என்று இவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கல்யாணம் நடந்தது.

ஒரே மகன் லோகேஷ். ஐடிஐ முடித்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்பனுக்கும் சேர்த்து அவன் பேசினான். போதாததற்கு அவன் சைக்கிளும் பேசியது. மெல்லிய டயர் போட்ட, கியர் இல்லாத வண்டி. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் ஃப்ரீவீல் கிர்ர்ரென்று ஊரைக் கூட்டும். சாயங்காலம் கால்வாய் மேட்டிலிருந்து இறங்கும் திருப்பத்தில் வேண்டுமென்றே காலை அசைக்காமல் விட்டுவிடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் கமலாத்தாள் கல்லில் மாவை ஊற்றுவாள். அவன் கைகால் கழுவி உட்காரும்போது தோசை வெந்திருக்கும். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே பழகிவிட்டது.

போன ஆடியில் லோகேஷுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடம்பு மட்டும்தான்.

வேல்முருகன் அழவில்லை. "கல்லுளிமங்கன்" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எழவு வீட்டில் அழாத அப்பனை ஊர் வேறு எப்படிப் பார்க்கும்? அழுகை வரும் வரும் என்று அவரும் காத்திருந்துதான் பார்த்தார். மரத்துப்போன காலைத் தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருக்குமே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியம் முடிந்ததும் மறுபடி கேன் தூக்கப் போனார்.

அவருடைய பழைய சைக்கிள் ஒரு நாள் உடைந்தது. மகனுடையதை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் திருப்பத்தில் பிரேக் பிடிப்பதற்காக மிதிப்பதை நிறுத்தினார். கிர்ர்ர். வீட்டுக்குள் நுழைந்தால் கல்லில் தோசை. கையில் கரண்டியோடு கமலாத்தாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டாம். தோசையைத் தட்டில் போட்டாள். இவரும் தின்றார். மறுநாளும் அதே தோசை, அதே முகம்.

இதை இப்படியே விட்டால் இவள் தினம் ஒரு தடவை மகனைப் பறிகொடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. மிதித்துக்கொண்டே இறங்கிப் பார்த்தார். இறக்கத்தில் கால் தானாக நின்றுவிட்டது. சிவப்பிரகாஷின் சைக்கிள் கடைக்குப் போய் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் அடைக்கச் சொன்னார். சில நாளில் சத்தம் திரும்பி வந்தது. மறுபடி போனார்.

"அது தனியா சுத்தவே கூடாது. வெல்டிங் வெச்சு ஒண்ணாக்கிப் போடு."

"அண்ணா, அப்புறம் வீல் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்துமுங்க. கால வெச்சுட்டு சும்மா உக்கார முடியாது. சர்க்கஸ்காரன் வண்டியாட்டம் ஆயிருமுங்ணா."

"ஆகட்டும்."

முதல் இறக்கத்திலேயே பழக்க தோஷத்தில் காலை நிறுத்தினார். பெடல் அவரைத் தூக்கிப் புல்லில் போட்டது. முழங்காலில் ரத்தம். வலிக்கவில்லை, அதுதான் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. சொசைட்டியில் பால் அளக்கும் ஜிதின், "அண்ணா, சைக்கிளை நீங்க மிதிக்கிறீங்களா, அது உங்களை மிதிக்குதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டார்.

ஆனால் நினைத்தது நடந்தது. வண்டி பூனை மாதிரி வீடு வந்து சேர்ந்தது. அடுப்பில் கல் இல்லை. கமலாத்தாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சோற்றைத் தானே போட்டுத் தின்றார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் கால்வாய்த் திருப்பத்திலேயே அவள் நின்றிருந்தாள். பெடலோடு மல்லுக்கட்டி வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"ஏனுங்க, வண்டில சத்தமே வர்றதில்லியே. கெட்டுப்போச்சுங்களா?"

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன். நீ தெனமும் ஏமாந்து நிக்கறியேன்னு."

"நான் எங்கீங்க ஏமாந்தேன்? வர்றது நீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சத்தம் இங்கிருந்து ஊட்டுக்கு வர்ற வரைக்கும் எம்பையன் வந்துட்டு இருப்பானுங்க. அந்தச் செத்த நேரம் போதும்னு இருந்தேன். அதையும் நிறுத்திப் போட்டீங்களே."

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவர் அங்கிருந்தே வண்டியைத் திருப்பினார்.

"பழையபடி பண்ணிக் குடு," என்று சிவப்பிரகாஷிடம் சொன்னார்.

"அதெப்படிங்ணா? சூட்டுல உள்ள இருக்கற ஸ்பிரிங்கெல்லாம் வெந்து போயிருக்குமுங்க. அறுத்தாலும் ஆகாது. புதுசு மாட்டலாம்."

புதிதாக ஒன்றை மாட்டிச் சக்கரத்தைச் சுழற்றினான். மெல்லிசாகச் சத்தம் வந்தது.

"இது இல்ல," என்றார் வேல்முருகன்.

வேறு கம்பெனி ஃப்ரீவீல் ஒன்றை மாட்டினான். அதுவும் இல்லை. அப்போதுதான் அவர் தேடுவது லோகேஷ் வண்டியின் பழைய சத்தத்தை என்று சிவப்பிரகாஷுக்குப் புரிந்தது. பழுதுக்கு வந்து நின்ற வண்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கடைசி வண்டியின் சக்கரம் சுற்றும்போதே ஆயில் படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே அமுக்கிப் போட்டனே, சிவா," என்றார்.

ஆடியில் வராத அழுகை அங்கே வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். சிவப்பிரகாஷ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.