வேறு வேறு மலை

மடுல்சீமைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கையில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று யாராவது வந்து நின்றால், இருவரையும் வேறு வேறு மலைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவேன். சாயங்காலம் லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது ஒருவரையொருவர் தேடுவார்கள். இது பலமுறை பலித்தது. ஆகையால் என் வீட்டிலும் அதையே செய்தேன். ஒரு சில்லறைச் சச்சரவுக்கு மூன்று நாள் பேசாமலிருந்துவிட்டு, நான்காம் நாள் மனைவியைப் பதுளையில் கடை வைத்திருந்த அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு மாதம் இருக்கட்டும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அந்த மாதம் முழுவதும் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அழைக்கப் போனபோது அவள் வர மறுத்துவிட்டாள்.

மறுவாரமும் போனேன். சனிக்கிழமை வேலை முடிந்து நடந்தே புறப்பட்டு, பசறையில் தங்கி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதுளையில் இருந்தேன். அவள் அண்ணன் மனைவி எங்களை எதிரெதிரே உட்காரவைத்தார்.

“அண்ணே, அவ மேல உங்களுக்கு உள்ள குறைய அவ சொல்லட்டும். உங்க மேல அவளுக்கு உள்ள குறைய நீங்க சொல்லுங்க. தன் மனக்குறைய யாரும் தானே பேசக்கூடாது.”

என் மனைவி தயங்கவில்லை. “சாமான வச்ச எடத்துல வைக்க மாட்டேன். சோறு நேரத்துக்கு ஆகாது. அவரு எழுதுறப்ப பேச்சுக் குடுப்பேன். போதுமா?”

என் மனதில் இருந்ததில் ஒன்றும் விடுபடவில்லை.

“அடுப்படியில புகை. தண்ணி தூரம்,” என்றேன் நான்.

“வீட்டுக் குறையக் கேக்கல அண்ணே, பொண்டாட்டிக்கு உங்க மேல உள்ள குறைய!” என்று அவர் சிரித்தார். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அவர் என் மனைவியைப் பார்த்து, “சரி, நீயே சொல்லு,” என்றார்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “கோவம்னா திட்டலாம்ல மதினி. வாயத் தொறக்காம, ஆள மலைக்கு அனுப்புற மாதிரி அனுப்பிட்டாரு. வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்ல. என்னை வேணாம்னுட்டாருன்னுதான் நெனச்சேன்.”

“வேணாம்னா வாரா வாரம் வருவேனா?”

“அத அங்கேயே சொல்லியிருக்கலாம்.”

அன்றும் அவள் என்னோடு வரவில்லை. நான் படியிறங்கும்போது கதவோரம் வந்து நின்றாள்.

“அடுத்த ஞாயிறு வருவீங்களா, இல்ல மழைன்னு நின்னுருவீங்களா?”

“வருவேன்.”

“வந்தா பேசணும்.”

பசறை ஏற்றத்தில் வழித்துணைக்கு யாரும் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியவற்றை வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன். அவள் குறுக்கே பேசக்கூடிய இடங்களில் நின்று, பேசி முடிக்கட்டும் என்று சற்றுக் காத்திருந்து, பிறகு நடந்தேன்.