மாஸ்டர் குனிந்த விதம்

இன்று வெள்ளவத்தையில் எங்கள் கராத்தே மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பது வருடமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். என் மகனும் அவரிடம் பழகியவன்தான்.

போர்த்தியவர், வகுப்பு நடக்கும் மண்டபத்தின் தலைவர். "எங்கட மண்டபம் மாஸ்டருக்கு எப்பவும் திறந்துதான் இருந்தது" என்றார் மைக்கில்.

பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று மண்டபத்தைப் பூட்டியவரே இவர்தான். இரண்டு வருடம் கடற்கரை மணலில் வகுப்பு நடந்தது. மழைக்குக் குடை பிடித்து நின்றவள் நான்.

மாஸ்டர் அவருக்குக் குனிந்து வணங்கினார். நான் கைதட்டவில்லை.

வாசலில் பிடித்துக் கேட்டேன். "அந்தாளுக்கும் குனிஞ்சனீங்களே, மாஸ்டர்?"

"ஓம் அக்கா. கண்ணைக் கீழ விட்டனானோ?"

குருவுக்குக் குனிந்தால் பார்வை நிலத்தில். எதிராளிக்குக் குனிந்தால் பார்வை அவன் முகத்தில். பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

முன்வரிசையில் இருந்தவர்களே, யாராவது கவனித்தீர்களா?