உப்புப் பையும் அம்மிக்குழவியும்

இமயமலை நடைப்பயணத்துக்குக் கல்லூரியில் மாணவிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு மளிகைக்கடைக்காரர் மகள் செய்கிற காரியமா அது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பனி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டு ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முழு மூட்டையையும் முதுகில் சுமந்துகொண்டு கழுகுமலை உச்சிக்கு ஏற வேண்டும். நடுவில் மூட்டையை இறக்கியவர்கள் ஊரிலேயே இருந்துகொள்ளலாம்.

அப்பா அந்த நிபந்தனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் மறுத்தால் நான் அழுவேன். சரி என்றால் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். மலையே மறுத்துவிட்டால் அவருக்கு வேலை மிச்சம்.

"எறக்காம ஏறிட்டேன்னா போயிட்டு வா. எங்கனயாவது எறக்கி வச்சேன்னா, பொறவு மலைப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

எங்கள் ஊரோ தோசைக்கல் மாதிரி தட்டை. ஏறுவதற்கென்று இருப்பவை மச்சுப்படியும் உப்பளத்து உப்புக் குவியலும்தான். குவியலில் ஏறினால் விரட்டி அடிப்பார்கள். அதனால் கடற்கரை மணலில் நடந்து பழகினேன். கால் புதையப் புதைய நடந்தால் தொடை கடுக்கும், அதையே மலை என்று வைத்துக்கொண்டேன். மீன் எடுக்கப் பெண்கள் கூடையோடு கிளம்பும் விடியற்காலையில் நானும் கித்தான் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பைக்குள் எங்கள் கடைக் கல்லுப்பு. எடுத்தால் அப்பா ஏன் என்று கேட்காத ஒரே சரக்கு அதுதான்.

"ஏளா, மூட்டை முடிச்சோட எங்க கெளம்பிட்ட?" என்பார்கள் எதிரே வருகிறவர்கள்.

"இமயமலைக்கு" என்பேன். ஒருத்தரும் நம்பவில்லை.

முதலில் உயிர் போயிற்று. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தூறலிலும் விடாமல் நடந்தேன். நாளாக நாளாகப் பை பஞ்சு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ரவிக்கையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. எவ்வளவு வியர்வை சிந்தியிருக்கிறேன் என்று கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். உடம்பு இரும்பாகிவிட்டது என்று வீட்டில் அலட்டிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் வீடு கூட்டும்போது பையை நகர்த்த வந்த அம்மா, கனக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கினாள். பை சட்டென்று மேலே வந்துவிட, பின்னால் விழப் பார்த்தாள். உடனே வாயைப் பிரித்துப் பார்த்தாள்.

"பாதிக்கு மேல கரைஞ்சு ஓடிருக்கு. ஏளா, நீ இரும்பாகல, உப்புதான் தண்ணியாயிருக்கு."

உப்பு விற்கிற வீட்டில் பிறந்தவளுக்கு உப்பு கரையும் என்பது மறந்துபோயிருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மலையேறும் நாள் நெருங்கிவிட்டது, நான் இத்தனை நாளும் வெறும் பையைச் சுமந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அம்மா சிரிப்பை நிறுத்தினாள். அதுவரை போ என்றும் சொல்லாதவள், போகாதே என்றும் சொல்லாதவள், உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து பைக்குள் போட்டாள்.

"இது கரையாது. ஆனா சட்னி அரைக்கதுக்குள்ள குழவி வீடு வந்து சேந்திரணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்னி என் கால்களை நம்பி இருந்தது. ஒரு காலையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்த அப்பா, "சட்னி எங்க?" என்று கேட்டார். "கடற்கரையில நடந்து வருது" என்றாளாம் அம்மா. குழவி முதுகெலும்பில் இடிக்க இடிக்க மணலில் ஓடியிருக்கிறேன். அந்த நாட்களில் நான் இருந்த சந்தோஷத்தைப் போல வேறெப்போதும் இருந்ததாக நினைவில்லை.

கழுகுமலையில் அன்று மழை விட்டு வெயில் அடித்தது. போர்வை, பாத்திரம், கல் என்று மூட்டையை அடைத்துக் கொடுத்திருந்தார்கள். பாதிப் பாறையில் சிலர் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கும் தோள்பட்டையைப் பட்டை அறுத்தது, உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினேன், மறுபடி ஏறினேன். உச்சியில் ஆசிரியை என் பெயரைக் குறித்துக்கொண்டு, "போதும், இறக்கு" என்றார். எனக்கு மனம் வரவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் இறக்கவில்லை. கண்டக்டர் திட்டிப் பார்த்து அலுத்துப்போனார். இறங்கியதும் நேராகக் கடைக்கு நடந்தேன்.

கடையில் நல்ல கூட்டம். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஒரு கையால் மூட்டையை என் தோளிலிருந்து வாங்கினார். கை அப்படியே தரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. மறு கையையும் கொடுத்து மெல்ல இறக்கி வைத்தார்.

"இதையா சொமந்துகிட்டு ஏறின?"

தலையாட்டினேன்.

சீனிக்காக நின்றிருந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைய மலைக்கெல்லாம் அனுப்புதியளா? நம்ம பக்கம் வழக்கமில்லையே" என்றார்.

அப்பா தராசைக் கையில் எடுத்தார். "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு" என்றார்.

கடையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. புரிந்த பிறகு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.