சொஜ்ஜியைத் தொடாத மாப்பிள்ளை

அரிசிச் சோறும் அரிசி இட்லியுமாகக் கிடக்கிற காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு, கோதுமை ஆகாது என்று ஒரு வியாதியைத் தேடிக்கொண்டவன் நான். "இதுல இன்னா கஷ்டம், இட்லி துன்னுட்டுப் போயேன்" என்பார்கள். இட்லி தின்னலாம்தான். மிளகும் சுக்கும் மணக்கிற கோயில் இட்லியில் அரை டஜன் உள்ளே தள்ளினாலும் என் வயிறு வாயைத் திறக்காது. ஆனால் மனுஷன் ஆசைப்பட்டுத் தின்கிற பண்டமெல்லாம் என்ன? பூரி, பரோட்டா, பாதுஷா, பிஸ்கட், ரவா தோசை, சேமியா பாயசம். எல்லாம் ஒரே குடும்பம். போதாக்குறைக்கு, அறுபதுகளில் அரிசிப் பஞ்சம் வந்து ரேஷன் கடையிலும் கோதுமையை அளந்தார்கள். அரசாங்கமே என் மேல் கண் வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அம்மா இல்லாததால் எனக்கு எல்லாம் அக்காதான். என் வயிற்றுக்காக ஏகாம்பரநாதரிடம் வேண்டினாள், காமாட்சியிடம் வேண்டினாள், சந்தேகத்துக்கு வரதராஜரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர்தான், கோதுமை, மைதா, ரவை மூன்றையும் ஜென்மத்துக்கும் தொடாதே என்றார். தொடாமல் இருந்தேன். இரண்டே மாதத்தில் உடம்பு தேறி, தறிக் குழியில் நாள் முழுக்க உட்கார முடிந்தது. உடனே அக்கா எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் நெசவுக்காரச் சொந்தங்களில் பெண் பார்க்கப் போனால் வாயால் பதில் சொல்வது கிடையாது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைப்பார்கள். பெண்ணைப் பிடித்திருந்தால் மாப்பிள்ளை சொஜ்ஜியை வழித்துச் சாப்பிட வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான், சொஜ்ஜி என்பது நெய்யில் கிண்டிய ரவையாக இல்லாதிருந்தால். முதல் இரண்டு வீட்டிலும் நான் பஜ்ஜியோடு எழுந்து வந்தேன். அந்தப் பெண்களை எனக்குப் பிடித்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதற்குள் கல்யாணம் முறிந்துவிட்டது.

மூன்றாவது வீடு தாமலில். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று போனேன். தட்டு வந்ததும், "கோதுமை எனக்கு ஒத்துக்காதுங்க, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றேன். கதவோரம் நின்றிருந்த பெண், தலையைக் கூடக் குனியாமல், "பஜ்ஜி ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறப்பதா? அவளுடைய அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ அங்கேயே முடிவாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் வயிற்றைப் பற்றி ஒழுங்கான கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இது கோதுமை இல்ல தம்பி, ரவை. கோதுமை செவப்பா இருக்கும். இது பாருங்க, கேசரிப் பவுடர் போடாங்காட்டி மல்லிப்பூ மாதிரி இருக்கும்."

அக்கா என் காதருகே வந்தாள். "டேய், புடிச்சிருக்குதா இல்லியா?"

"புடிச்சிருக்குதுக்கா."

"அப்ப துன்னுடா."

தின்றேன். ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன். நெய்யும் முந்திரியுமாக அது தேவாமிர்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை.

வெட்கம் பஸ்ஸில் வந்தது. தாமல் ஏரிக்கரை தாண்டுவதற்குள் வயிறு புரட்ட ஆரம்பித்தது. கண்டக்டரின் காலைப் பிடிக்காத குறையாக பஸ்ஸை நிறுத்தி, பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கரையிறங்கி ஓடினேன். மூன்று தடவை. அக்கா மேலே ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு வேறு திசையைப் பார்த்து நின்றாள். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் இத்தனையையும் வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் பெண் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. வயிற்று நோவுக்காரனுக்குப் பெண் இல்லை என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள்.

சொஜ்ஜி தின்னாமல் இரண்டு கல்யாணம் போனது, தின்று ஒன்று போனது. முதல் இரண்டுக்கு நான் வருத்தப்படவில்லை. இதற்குப் பட்டேன். தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது, சோறு இறங்கவில்லை. சோற்றில் கோதுமை இல்லையே, அப்புறம் ஏன் இறங்கவில்லை என்று அக்கா கவலைப்பட்டாள்.

பத்து நாள் கழித்து, தாமல் பெண்ணின் அப்பா, பெரிய காஞ்சிபுரத்துக்குச் சேலை கொடுக்க வந்தவர், எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொண்ணு மளிகைக் கடையில போயி விசாரிச்சிக்கினு வந்துச்சிப்பா. ரவைய கோதுமைலதான் ஒடைக்கிறாங்களாம். எனக்கு அம்பது வயசாவுது, இது தெரியாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதச் சொன்னதிலேர்ந்து ஊட்டுல என்கூடப் பேச மாட்டேங்குது. வர்ற வெள்ளிக்கிழம இன்னொரு வாட்டி வந்துட்டுப் போங்க."

போனோம். தட்டு வந்தது. அதில் பஜ்ஜியே இல்லை. மஞ்சளாக, கட்டி கட்டியாக ஒன்று மட்டும் இருந்தது. "அரிசி நொய்யில கிண்டினது" என்றாள் அவள், கதவோரத்திலிருந்து. "கோதுமை வாசனையே கெடையாது. நானே ஒடச்சேன்."

வாயில் போட்டேன். பாதி வேகவில்லை. மணல் மாதிரி பல்லில் நறநறத்தது, சர்க்கரை ஒரு பக்கமாகவே நின்றிருந்தது. என் ஆயுசில் அவ்வளவு மோசமான சொஜ்ஜியை நான் தின்றதில்லை. கூடத்தில் எல்லோரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். தட்டை வழித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நீட்டினேன்.