முசே விழவே இல்லை

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அரியாங்குப்பத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு சின்ன மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, எட்டு வீட்டு டிவியும் ஒரே சேனலில் அலறிக்கொண்டிருந்த நேரம்.

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பகலெல்லாம் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அங்கே அடக்கி வைத்ததெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடும். அந்த வருஷம் அதற்குக் கிடைத்த மேய்ச்சல் ஒரு கொலை சீரியல்.

பேர் வேண்டாம். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அதில் கதாநாயகி மூன்று தடவை செத்தாள். ஒரு தடவை ஆற்றோடு போனவள், மறுவாரம் தலைமுடிகூடக் கலையாமல் வந்து நின்றாள். ஆறு மாசம் கோமாவில் கிடந்த வக்கீலம்மா லிப்ஸ்டிக்கோடு கண் விழித்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு மேஜை டிராயரைத் திறக்க நாலு நாள் எடுத்துக்கொண்டார். கட்டடத்துப் பெண்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதில் நான் குரலில் பேசி அனுப்புவேன். "ஏன் சார், டிராயரு தொறக்கலியா? எங்க வூட்டு பீரோ சாவி குடுக்கட்டா? அதுவும் எதுக்கும் சேராது" என்பது மாதிரி. சில பேர் சீரியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டு என் பேச்சை மட்டும் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த சீரியலின் வில்லன் தொப்பி வைத்து, கைத்தடி பிடித்து, மரியாதையாகப் பேசியே ஆளைக் கொல்கிறவன். எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அதே மாதிரி தொப்பியும் கைத்தடியுமாகக் கிளம்புவார். ஐயா என்று கூப்பிடுகிற இடத்தில் நம் ஊர்ப் பழக்கப்படி அவரை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். வில்லனை முதல் தடவை பார்த்ததும் நான், "அய்யய்யோ, இது நம்ம முசே இல்ல!" என்று குரூப்பில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வில்லனுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. 'இன்னிக்கு முசே யாருக்கு விஷம் வெச்சாரு', 'முசே எப்பத்தான் மாட்டுவாரோ' என்றுதான் குரூப்பில் பேச்சு.

பெரியவர் காதுக்குப் போனால் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ ரசித்தார். படியில் எதிரே வந்தால் தொப்பியைத் தூக்கி, "இன்னிக்கு நான் யாரத் தீத்துக்கட்டணும்மா?" என்று கேட்பார். நான் யாராவது ஒரு பாத்திரத்தின் பேரைச் சொல்வேன். "ஆவட்டும்" என்றுவிட்டு இறங்குவார். என் மாமனார்கூட என்னிடம் அவ்வளவு விளையாட்டாகப் பேசியதில்லை.

அவர் மனைவியை ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். எங்களில் பெரிய சீரியல் பைத்தியம் அவர்தான். வெளியூரில் இருக்கிற மகள் அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். டிவியில் வருவதற்கு முன்பே அதில் கதை வந்துவிடும். ஆன்ட்டி வாய் பொறுக்காமல் குரூப்பில் போட்டு உடைத்துவிடுவார். நாங்கள் சண்டை பிடித்து ஒரு சட்டமே போட்டோம். யார் கதையை உடைத்தாலும் எட்டு வீட்டுக்கும் வடை சுட்டுத் தர வேண்டும். ஆன்ட்டி அதுவரை மூன்று தடவை சுட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்ட்டி அந்தக் காலத்து மனுஷி. கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை, எழுதினதுமில்லை. எங்களிடம் பேசும்போது அவரும் தன் வீட்டுக்காரரை முசே என்றுதான் சொல்வார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக் கதையில் வில்லன் மாடிப்படியின் உச்சியில் நின்றான். முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீண்டது. அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதி ஞாயிறு மத்தியானம் சிறப்பு ஒளிபரப்பு. இரண்டு மணிக்கு நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு நாற்பதுக்குக் குரூப்பில் ஆன்ட்டி எழுதினார்.

'முசே படியில விழுந்துட்டாரு. பேச்சு வரல. யாராச்சும் வாங்க.'

எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாளாகக் காத்திருந்த கட்டம், இந்தம்மா மறுபடியும் உடைத்துவிட்டதே என்று உடனே போனை வாய்க்கிட்ட வைத்துப் பேசினேன். "ஆன்ட்டி, வடைக்கு ஊறப்போடுங்க! வுழட்டும், அந்தாளு செஞ்ச பாவத்துக்கு நல்லா வுழட்டும். ஒருத்தரும் தூக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும்." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி மறுபடி எழுதினார். 'வாங்க' என்று ஒரே வார்த்தை. 'வரோம் வரோம், விளம்பரம் முடியட்டும்' என்று நான் பதில் போட்டேன். பிறகு ஆன்ட்டியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மிச்சக் கதையையும் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு தடவையும் கட் பண்ணினேன்.

மூன்று இருபது இருக்கும். டிவியில் அந்தக் கட்டம் வந்தது. பின்னால் நீண்ட கையை வில்லன் லபக்கென்று பிடித்தான். திரும்பிச் சிரித்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டான்.

முசே விழவே இல்லை.

அப்படியானால் விழுந்தது யார்? செருப்புகூடப் போடாமல் மேலே ஓடினேன். மொட்டை மாடிக்குப் போகிற படியில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பெரியவர் தலை. காய்ந்த துணிகளை எடுத்துவரப் போனவர், கை நிறையத் துணியோடு விழுந்திருக்கிறார். இறங்கி ஓடி வர ஆன்ட்டிக்கு மூட்டு ஒத்துழைக்காது. கத்தியிருக்கிறார். எட்டு டிவி சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்தப் பதற்றத்தில் தோன்றவேயில்லை. எட்டு வீட்டு ஆட்கள் கூப்பிடுகிற தூரத்தில்தானே இருக்கிறோம் என்று நம்பிவிட்டார். என்னைப் பார்த்ததும், "விளம்பரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

என் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கி, கீழ் வீட்டுக் காரில் ஏற்றினார்கள். நானும் ஆன்ட்டியும் கூடப் போனோம். ஞாயிற்றுக்கிழமை இல்லையா, நோணாங்குப்பத்தில் படகு சவாரிக்கு வந்த வெளியூர் வண்டிகளால் ரோடு அடைத்துக் கிடந்தது. பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பெரியவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேச்சுக் குழறினால், வாய் கோணினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று எங்கள் மருந்துக் கடைச் சுவரிலேயே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் பில் போடுகிறேன். 'பேச்சு வரல' என்று ஆன்ட்டி எழுதியதைக் கண்ணால் படித்தவளும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு விழுந்தார் என்று. ஆன்ட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் என் போனை எடுத்துக் காட்டினேன். ஆன்ட்டி எழுதியது, பக்கத்தில் நேரம். அதற்குக் கீழேயே நான் பேசி அனுப்பியது. டாக்டர் விரல் அதன் மேல் பட்டுவிடுமோ என்று போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைத் தொடவில்லை. நேரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் போனை அணைத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். குரூப்பில் சிரித்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பெட்டி மேல் அவர் தொப்பியை வைத்திருந்தார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று சாயங்காலம், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மேலே ஏறினேன். ஆன்ட்டி காலைப் பிடித்துக்கொண்டு, நான்தான் ஆன்ட்டி கொன்னுட்டேன், அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அழுதேன். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"நீ பேசுனத அவரும் கேட்டாரும்மா. யாராவது பதில் போட்டாங்களான்னு நான்தான் சத்தமா வெச்சேன். உன் கொரலக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சி. வாயி ஒரு பக்கந்தான் போச்சி. ஆனா சிரிச்சாரு. கேலி பண்றியே, எப்படியும் நீ வந்துடுவன்னு ரெண்டு பேரும் நெனச்சிக்கினு இருந்தோம்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஆன்ட்டி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "கடசீல அந்தத் தொப்பிக்காரன் என்னம்மா ஆனான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அந்த சீரியலைப் பார்க்கவில்லை.

இப்போது குரூப்பில் யார் 'வாங்க' என்று எழுதினாலும், எதற்கு என்று கேட்காமல் எழுந்து போய்விடுகிறேன். ஆன்ட்டி எழுதினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். பெரும்பாலும் சிலிண்டரை மாட்டித் தரவோ, ஊசியில் நூல் கோத்துத் தரவோதான் இருக்கும். ஏம்மா இப்படி மூச்சு வாங்க ஓடியாற என்று அவர் கேட்பார். அந்த நாற்பது நிமிஷத்தை எத்தனை படி ஏறினாலும் திருப்பித் தர முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கூப்பிடுகிறார், நான் ஏறுகிறேன்.